டைனோசரின் தொப்புளை மூடப் போனேன்

திருவண்ணாமலைக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்களிடம் ஆளுக்கொரு பதில் சொன்னேன். விமான நிலைய அதிகாரியிடம் சாமி கும்பிட என்றேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றேன். விடுதியில் அலுவலக வேலை என்றேன். கடைசிப் பதில்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. ஒரு டைனோசரின் தொப்புளை அடைப்பதற்காகத்தான் போனேன். இதை முதல் அதிகாரியிடமே சொல்லியிருந்தால் வந்த விமானத்திலேயே ஏற்றி அனுப்பியிருப்பார்.

மலேசியாவில் ஈப்போ என் ஊர். அங்கே குழந்தைகளுக்கான சின்ன அறிவியல் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என்ன பொருளை எங்கே வைப்பது, அதன் பக்கத்துப் பலகையில் என்ன எழுதுவது என்பதெல்லாம் என் பொறுப்பு. போன வருடம் வௌவாலைக் கொண்டுபோய்ப் பறவைகள் வரிசையில் வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வந்த ஏழு வயதுப் பெண் ஒருத்தி அதைக் கண்டுபிடித்தாள். அதுவும் எங்கள் இயக்குநர் பக்கத்தில் நிற்கும்போது, ஊருக்கே கேட்கிற குரலில். இயக்குநர் அன்று மாலை என்னைக் கூப்பிட்டு மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "இன்னொரு தப்பு கண்ணில் பட்டால் நீ காலணி கவுண்டருக்குப் போய்விடு."

எங்கள் கூடத்துக்குள் காலணியோடு போகக் கூடாது. ஒரு நாளைக்கு முந்நூறு பிள்ளைகள் வந்தால் அறுநூறு காலுறைகள். மழை நாளில் அந்தக் கவுண்டர் பக்கம் போனவர்களுக்கு அன்று சாப்பாடு இறங்காது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஓய்வு பெறும்வரை அந்த வாசனையில் உட்காருவதை நினைத்தாலே பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் கூடத்தில் ஒரு டைனோசர் பொம்மை வைக்கும் வேலை வந்தது. பெரிய பல்லும் பெரிய வாயும் உள்ள ரகம் இல்லை. சிட்டகோசாரஸ் என்று பெயர். கிளி மூக்கு, கன்னத்துக்கொரு கொம்பு, நாட்டு நாய் அளவு உடம்பு, வாலில் துடைப்பக் குச்சி போல முடிக் கற்றை. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பொதுவாக மண்ணுக்குள் எலும்புதான் மிஞ்சும். தோலும் சதையும் மக்கிப்போகும். ஆனால் சீனாவில் கிடைத்து இப்போது ஜெர்மனியில் இருக்கும் ஒரு சிட்டகோசாரஸ், மல்லாந்து படுத்த வாக்கிலேயே கல்லாகிவிட்டது, தோலோடு, செதிலோடு, நிறத்தின் சுவட்டோடு. முதுகு இருட்டு நிறம், வயிறு வெளிறிய நிறம். அப்படி இருந்தால் மரநிழலில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது, அதனால் அது காட்டில் வாழ்ந்திருக்கும் என்கிறார்கள். எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொல்லவே முடியாது.

பொம்மை செய்ய ஏழுமலை மேஸ்திரியிடம் கொடுத்தேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கோபுரத்துக்குச் சுதை வேலை செய்ய வந்தவர் அவர். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அவருடைய பட்டறை. இரண்டு மாதத்தில் முடித்துவிட்டதாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். முன்புறம், பின்புறம், பக்கவாட்டு எல்லாமே அருமை. கடைசிப் படம் வயிறு. நட்டநடுவில், ஐந்து ரூபாய் நாணயம் உள்ளே போகிற அளவுக்கு, வட்டமாக, சுழியோடு, அழகான ஒரு தொப்புள்.

இயக்குநர் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். "முட்டையிலிருந்து வருகிற பிராணிக்குத் தொப்புள் எதற்கு?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். டைனோசரின் திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. மேஸ்திரிக்குப் போன் செய்து அதை அடைத்துவிடச் சொன்னேன். "அது முடியாதுங்க மேடம். நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். போனேன்.

முதல் நாள்

காலையில் விடுதியில் சாமானைப் போட்டுவிட்டு முதல் வேலையாகக் காபி குடித்தேன். எங்கள் ஈப்போ வெள்ளைக் காபிக்கு நிகர் இல்லை என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். முதல் டபரா முடிந்ததும் அந்தக் கருத்தைச் சற்று ஒத்திவைத்தேன். இரண்டாவது முடிந்ததும் அதைப் பற்றி ஊரில் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். பொங்கலில் நெய் தெரிந்தது, மிளகும் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பொங்கலில் அரிசி மட்டும்தான் தெரியும்.

பக்கத்து மேசையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் ஆங்கிலத்தில் கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்த ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். நான் ரொம்ப இளைத்துவிட்டேனா?" அவளுக்கு முன்னால் மூன்றாவது தோசை இருந்தது.

விடுதிக்காரர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், "மலேசியாவா? நம்ம தொப்புள்கொடி உறவாச்சே!" என்று கையைக் குலுக்கினார். மேடைகளில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஆனால் அன்றைக்கு என் வேலை இருந்த லட்சணத்தில், யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்களோ என்று திடுக்கென்றது.

ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் போனேன். கலெக்டர் ஆபீஸ் தாண்டி, புது வீடுகளுக்கு நடுவில் மேஸ்திரியின் பட்டறை. வாசலில் வாயைத் திறந்தபடி எட்டு பென்குயின் குப்பைத்தொட்டிகள். உள்ளே கல்யாண மண்டபத்துக்கு இரண்டு யானை, பால் கடைக்கு ஒரு பசு, காது உலராத ஒரு முயல். எல்லாம் ஃபைபர். ஏழுமலை மேஸ்திரி ஒல்லியான ஆள். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, காதில் பென்சில், தலைமுடியில் எப்போதும் வெள்ளைத் தூள்.

"வாங்க மேடம், வாங்க. சாப்டீங்களா? கோயிலுக்குப் போனீங்களா?"

"முதல்ல டைனோசர்."

டைனோசர் ஒரு யானையின் காலுக்குப் பக்கத்தில் நின்றது. பார்த்ததும் என் கோபம் பாதி குறைந்துவிட்டது. இருட்டு முதுகு பக்கவாட்டில் மெல்ல மெல்ல வெளுத்து வயிற்றில் வந்து சேர்வதை அப்படியே பிடித்திருந்தார். கண் என்னையே பார்ப்பது போல இருந்தது. பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை மல்லாக்கப் போட்டோம். மீதிக் கோபமும் திரும்பி வந்துவிட்டது. தொப்புள் படத்தில் இருந்ததைவிடப் பெரியது.

"மேஸ்திரி, இது முட்டையில இருந்து வர்ற பிராணி. தொப்புள் இருக்காது."

"இருக்கட்டுங்க. நான் நூல் அங்கதாங்க புடிப்பேன். தொப்புள்ல இருந்து தல எத்தினி, காலு எத்தினி, வாலு எத்தினின்னு அளந்துதான் வேலயே. எனக்கு வேல கத்துக்குடுத்தவரும் அப்டிதான். தொப்புளே இல்லன்னா நான் எங்க இருந்து அளக்கறது?"

"அப்போ பென்குயினுக்கும் இருக்கா?"

வாசலுக்குப் போய் ஒரு குப்பைத்தொட்டியைத் தூக்கி வந்து திருப்பிக் காட்டினார். இருந்தது. பசுவுக்கு இருந்தது. முயலுக்கு இருந்தது. யானையைத் திருப்ப முடியாததால் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். குனிந்தேன். இருந்தது.

"அளந்து முடிச்சாச்சு இல்ல, இப்ப அடைச்சிடலாமே?"

"தொப்புள அடைச்சா செஞ்ச வேலய நானே அழிச்ச கணக்குங்க. உசுரோட இருக்கற வரைக்கும் என் கையால பண்ண மாட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் ஆட்டோவை நிறுத்தி, ஓட்டை அடைக்கிற பசை ஒரு டப்பா வாங்கிக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காலுறை வாசனை அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இரண்டாம் நாள்

காலையில் கோயிலுக்குப் போனேன். பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன். மிருகங்களுக்குத் தொப்புள் வைப்பது மேஸ்திரியின் சொந்தக் கிறுக்குத்தான் என்று நிரூபிக்க ஆதாரம் தேடிப் போனேன். ராஜகோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். தெய்வங்களுக்கெல்லாம் தொப்புள் பளிச்சென்று இருந்தது. மிருகங்களின் வயிறு கீழிருந்து தெரியவில்லை. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தும் புறாதான் தெரிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது.

ஒரு காவலாளி பக்கத்தில் வந்து, "இன்னாங்கம்மா, ரொம்ப நேரமா மேலயே பாக்கறீங்க? எதுனா தொலச்சிட்டீங்களா?" என்றார்.

"தொப்புள் தேடுறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நெழல்ல கொஞ்சம் உக்காருங்க. வெயிலு ஜாஸ்தி" என்று கனிவாகச் சொன்னார்.

பட்டறைக்குப் போனால் அங்கே வேறு கூத்து. கீழ்பென்னாத்தூரில் கோழிக்குஞ்சு வியாபாரம் செய்யும் மும்தாஜ் என்ற பெண்மணி, தன் கடை மாடியில் வைக்க ஒரு சேவல் கேட்டிருந்தாராம். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு சேவல். அதைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் குட்டி யானை என்றால் யானைக்குட்டிதான். இங்கே அது சின்னச் சரக்கு வண்டி. வண்டியில் சேவலுக்குக் கீழே, அதன் மார்புக்கு முட்டுக் கொடுத்தபடி, என் டைனோசர்!

"அது எதுக்கு மேஸ்திரி அங்க?"

"சேவலு ஆடுதுங்க. இது கரெக்டா அங்க உக்காருது. வாங்க, நீங்களும் ஏறிக்குங்க. ஊரப் பாத்த மாதிரி இருக்கும்."

நான் டிரைவர் பக்கத்தில் இடுங்கி உட்கார்ந்தேன். மேஸ்திரி பின்னால் சேவலைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். வெளியே நெல் வயலும் நிலக்கடலைக் காடும் மாறி மாறி வந்தன. பத்து நிமிடம்தான் நிம்மதி. ஒரு கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போது பின்னால் படார் என்று சத்தம். சேவலின் கொண்டை, சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த பேனரில் மாட்டி, பேனரோடு வந்துவிட்டது. ஓரத்தில் நின்ற கல்யாண வீட்டார் கையை ஆட்டிக் கத்தினார்கள். டிரைவர் அதை வாழ்த்து என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டிவிட்டு வேகமாக ஓட்டினார். திரும்பும்போது கொடுத்துவிடலாம் என்று மேஸ்திரி பின்னாலிருந்து சமாதானம் சொன்னார்.

இப்படியாக, மணமக்கள் படம் போட்ட பேனரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சேவல் கீழ்பென்னாத்தூர் வந்து சேர்ந்தது. கடை வாசலில் நின்றிருந்த மும்தாஜ், "இன்னா மேஸ்திரி, சேவலுக்குக் கல்யாணம் பண்ணியே கூட்டினு வந்துட்டீங்களா?" என்றார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு வியாபாரம் செய்கிற குடும்பம். பேச்சும் கையும் ஒரே வேகத்தில் ஓடின.

எல்லோரும் சேவலைக் கயிறு கட்டி மாடிக்கு இழுப்பதில் மும்முரமானார்கள். வண்டியில் டைனோசர் மட்டும் தனியாகக் கிடந்தது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நான் வண்டிக்குள் ஏறி, டைனோசரை மல்லாக்கத் தள்ளி, பசை டப்பாவைத் திறந்து, ஒரு விரல் நிறைய எடுத்தேன். விரல் தொப்புளுக்கு ஒரு அங்குலம் மேலே இருந்தது.

"இன்னாங்க பண்றீங்க அதுக்கு?"

மும்தாஜ். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அது முழுக்கக் கீச்சொலி. என்னால் பொய் சொல்ல முடியவில்லை. விரலில் பசையோடு எல்லாவற்றையும் சொன்னேன். இயக்குநர், வௌவால், காலணி கவுண்டர், முட்டையிலிருந்து வருவதற்குத் தொப்புள் கிடையாது என்பது.

"யாரு சொன்னது கெடையாதுன்னு?" என்றார்.

பெட்டிக்குள் கையை விட்டு ஒரு குஞ்சை எடுத்து, மல்லாக்கப் பிடித்து, வயிற்றுப் பஞ்சு முடியை ஊதி விலக்கினார். அங்கே ஒரு சின்னக் கோடு, கடுகு அளவுக்கு உலர்ந்த பொருக்கு.

"இது இன்னான்னு நெனச்சீங்க? தொப்புளு. முட்டைக்குள்ள மஞ்சக்கரு இருக்குதில்ல, பொறக்கறதுக்கு முன்னாடி குஞ்சு அத்த வயித்துக்குள்ள இழுத்துக்கும். இழுத்த வழி மூடிக்குதில்ல, அதான் இது. குஞ்சு வந்து எறங்குனா நான் மொதல்ல பாக்கறதே இதத்தான். சரியா மூடலன்னா சீழ் புடிச்சி செத்துடும். நல்லா மூடிச்சின்னா கொஞ்ச நாள்ல தொப்புள் இருந்த எடமே தெரியாது."

அடுத்த குஞ்சு. அடுத்தது. ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினார். எல்லாவற்றுக்கும் இருந்தது. நான் வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பசை விரலிலேயே இறுகிக்கொண்டிருந்தது.

மும்தாஜ் டைனோசரின் வயிற்றை ஒரு நோட்டம் விட்டார். "ஆனா இது தப்பு. இவ்ளோ பெரிய ஓட்டயோட எந்தக் குஞ்சும் பொழைக்காது" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மேஸ்திரிக்கு மாதிரிக்காக அனுப்பிய படங்களின் கோப்பு என் பையிலேயே இருந்தது. அதில் அந்த ஜெர்மன் புதைபடிவத்தின் வயிற்றுப் படம் ஒன்று உண்டு. ஏதோ சிறப்பு விளக்கின் ஒளியில், செதில்கள் ஒளிர எடுத்தது. அதைப் பிரதி எடுத்தபோது வயிற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு விழுந்திருந்தது. எங்கள் அலுவலக ஜெராக்ஸ் இயந்திரம் எல்லாத் தாளிலும் கோடு போடும். அதனால் நான், எதையும் சுத்தமாகச் செய்கிறவள், வெள்ளை மை வைத்து அந்தக் கோட்டை அழித்துவிட்டு மேஸ்திரிக்கு அனுப்பினேன்.

கைப்பேசியில் மூலப்படத்தைத் திறந்தேன். கோடு இருந்தது. நீளமான தழும்பு, அதன் இரண்டு பக்கமும் மற்ற செதில்களைப் போல இல்லாமல் ஜோடி ஜோடியாக வரிசை பிடித்த செதில்கள். அந்தப் படம் வந்த ஆய்வுக் கட்டுரையில் நிறத்தைப் பற்றிய பகுதிகளை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்தவள், இப்போது அந்தப் படத்தின் கீழிருந்ததைப் படித்தேன். தொப்புள் தழும்பு என்று எழுதியிருந்தது. முட்டைக்குள் மஞ்சள்கருவோடு ஒட்டியிருந்த இடம். கோழிக்குச் சில நாளில் மறைந்துபோவது, இந்தப் பிராணிக்குக் கிட்டத்தட்ட வளர்ந்து ஆளான பிறகும் மறையாமல் இருந்திருக்கிறது.

எத்தனையோ கோடி வருடம் மண்ணுக்குள் அழியாமல் இருந்ததை நான் ஒரு நிமிடத்தில் வெள்ளை மையால் அழித்திருக்கிறேன். மும்தாஜிடம் இதைச் சொன்னேன். அவர் கடகடவென்று சிரித்தார். சிரித்து முடித்து, "வாங்க, மொதல்ல சாப்புடலாம்" என்றார்.

பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும். பினாங்கில் எத்தனையோ கடையில் சாப்பிட்டிருக்கிறேன், பிரியாணிக்குக் கத்திரிக்காய் சேரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவமானத்தில் இருந்தாலும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கோழி கல் தின்னும், அதுதான் வயிற்றுக்குள் தீனியை அரைக்கிறது என்றார் மும்தாஜ். இந்தக் கிளிமூக்கு டைனோசர் வயிற்றிலும் கூழாங்கல் கிடைத்திருக்கிறது என்றேன். "அப்ப நம்ம கோழிதான் அது" என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை.

சாப்பிட்டதும் இயக்குநருக்குப் போன் செய்தேன். தொப்புள் உண்டு, வடிவம் மட்டும்தான் தப்பு, கோழிக்கும் உண்டு, என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

"கோழிக்குத் தொப்புளா? நான் ஐம்பது வருடமாகக் கோழி சாப்பிடுகிறேன்."

"நீங்கள் சாப்பிடுகிற வயதில் மறைந்துவிடும்."

"தொப்புளோடு கொண்டு வா. விழாவில் ஒரே ஒரு ஆள் தப்பு என்று சொன்னாலும், அன்றைக்கே காலணி" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டேன். விரலில் பசை இறுகிவிட்டிருந்தது. அது ஊர் திரும்பும்வரை போகவில்லை.

வரும் வழியில் கல்யாண மண்டபத்தில் பேனரைத் திருப்பிக் கொடுத்தோம். மாப்பிள்ளையின் முகத்தில் சேவல் கொண்டையின் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. திட்டுவார்கள் என்று நினைத்தேன், பாயசம் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள்

மேஸ்திரியிடம் மூலப்படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி, இறக்கி, நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் கோடு நீங்க அனுப்புன படத்துல இல்லீங்களே?"

"நான்தான் அழிச்சேன்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தேநீர் வரவழைத்து எனக்கு ஒரு கிளாஸ் கொடுத்துவிட்டுப் பசுவின் மேல் சாய்ந்து யோசித்தார். வட்டத் தொப்புளை அடைக்க மாட்டார், அது சத்தியம். கோட்டுத் தழும்பு வேண்டும், அது விஞ்ஞானம். இரண்டுக்கும் நடுவில் நான்.

கடைசியில் எழுந்து, தொப்புளில் நூலைப் பிடித்து வால் பக்கம் ஒரு இழுப்பு, கழுத்துப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்து, பென்சிலால் குறி வைத்தார். "அடைக்க வேணாம் மேடம். நீட்டிடறேன். மேலயும் கீழயும் இழுத்தா வட்டம் தானா கோடாயிடும். தொப்புள் எங்கயும் போவல, வளந்துடுச்சி. அவ்ளோதான்" என்றார்.

இரு பக்கச் செதில்களுக்குத்தான் வழி தெரியவில்லை. மும்தாஜ் கிளம்பும்போது ஒரு பை நிறைய மல்லாட்டை கட்டிக் கொடுத்திருந்தார். நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. நான் கவலையில் அதைக் கொறித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி என் கையிலிருந்த பருப்பைப் பிடுங்கி, இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி தழும்பின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். அச்சு அசல் செதில். இரண்டு பேரும் உட்கார்ந்து பருப்பைப் பிளந்து ஜோடி ஜோடியாக ஒட்டினோம். மேலே பிசின் பூசினால் வேலை முடிந்தது. பிசின் கலக்கப் பின்கட்டுக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது டைனோசரின் வயிற்றின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. ஒரு செதில்கூட மிச்சம் இல்லை. எங்களைப் பார்த்ததும் மெதுவாக இறங்கி, பையிலிருந்து இன்னொரு கை மல்லாட்டையை அள்ளிக்கொண்டு, யானையின் மேல் ஏறிப் போனது.

"நல்லவேள, பிசின் பூசல" என்றார் மேஸ்திரி. "பூசியிருந்தா அதுக்கு வயித்த வலிச்சிருக்கும்."

இரண்டாம் முறை நான் கையில் துடைப்பத்தோடு காவல் நின்றேன். மாலைக்குள் பிசின் காய்ந்து வண்ணமும் ஏறிவிட்டது. மேஸ்திரி தழும்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். உயிருள்ள ஏதோ ஒன்று எப்போதோ முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த இடம் அது என்று தோன்றியது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வண்ணத்தின் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான்காம் நாள்

சென்னைக்குப் பேருந்து. டைனோசரைப் போர்வையில் சுற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

கண்டக்டர் வந்து, "இது யாருங்க?" என்றார்.

"டைனோசர்."

"சென்னையா, நடுவுல எறங்குதா?"

"சென்னைதான்."

பேருந்து குலுங்காமல் ஓடியது. எனக்கு முன்னிருக்கைக்காரர், பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர், செஞ்சி தாண்டியதும் எழுந்து வந்து என்னிடம் இடம் மாற்றிக்கொண்டார். டைனோசரின் தோளில் சாய்ந்து சென்னை வரை தூங்கினார்.

ஈப்போவில்

விழா நாள் காலையில் பள்ளிப் பேருந்திலிருந்து முதல் ஆளாக இறங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த வௌவால் பெண். ஒரு வருடம் வளர்ந்து, கண்ணாடியும் போட்டிருந்தாள். இயக்குநர் டை கட்டிக்கொண்டு டைனோசருக்குப் பக்கத்தில் நின்றார்.

வயிறு தெரிய வேண்டும் என்று டைனோசரைச் சாய்த்து, கீழே ஒரு கண்ணாடி பதித்திருந்தோம். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். சுற்றி வந்தாள். மறுபடியும் குனிந்தாள். பிறகு, போன வருடத்துக் குரலிலேயே, "இது முட்டையில இருந்து வர்றதுதானே? இதுக்கு எப்படித் தொப்புள்?" என்றாள்.

இயக்குநர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம், காலணி கவுண்டரைப் பார்த்தார்.

கைப்பேசியை அவளிடம் கொடுத்தேன். முந்தின நாள் மும்தாஜ் அனுப்பிய வீடியோ. ஒரு குஞ்சு, ஒரு ஊதல், "இதோ பாரு கண்ணு, தொப்புளு" என்ற குரல். டைனோசருக்குப் பக்கத்திலேயே புதைபடிவத்தின் படம், வெள்ளை மை இல்லாதது. அதன் கீழே பலகையில் நான் எழுதியிருந்தேன்: "இந்தக் கோட்டை ஜெராக்ஸ் கோடு என்று நினைத்து ஒருவர் அழித்துவிட்டார். அவர் நான்தான்."

அவள் வீடியோவைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பலகையை உதடு அசையப் படித்தாள். பிறகு தன் சட்டையைத் தூக்கித் தன் தொப்புளைப் பார்த்தாள். கண்ணாடியில் டைனோசருடையதைப் பார்த்தாள். "சரிதான்" என்றாள்.

அவ்வளவுதான், நாற்பது பிள்ளைகளும் சட்டையைத் தூக்கிவிட்டார்கள். என்னுடையது ஆழம், உன்னுடையது வெளியே வந்திருக்கிறது என்று ஒரே ரகளை. அவள் நேராக இயக்குநரிடம் போய், "அங்கிள், உங்களுக்கு?" என்றாள். அவர் டையைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டு, வயிற்றைத் தடவித் தடவி, சட்டைக்கு மேலேயே ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்கே" என்றார். நான் அதைப் படம் பிடித்துவிட்டேன். காலணி கவுண்டரைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

டைனோசரும் பிள்ளைகளும் இயக்குநரும் இருந்த அந்தப் படத்தை மேஸ்திரிக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னணியில் எதையோ இழைக்கும் சத்தம்.

"பாத்தேங்க மேடம். நம்முது அம்சமா இருக்குது. ஆனா பக்கத்துல டை கட்டினு ஒருத்தர் நிக்கறாரு பாருங்க, அவரு விரல் வச்ச எடத்துல இருந்து அளந்து பாத்தேன். மேல கம்மி, கீழ ஜாஸ்தி. யாருங்க செஞ்சது அவர?"